பன்னிரண்டு கீயிலும் ஒரே சொல்

திங்கட்கிழமை காலை, தோளில் இருந்த கைப்பையை இறக்குவதற்கு முன்பே சின்னவள் அதைக் கவனித்துவிட்டாள். திரையின் கடைசி வரியில் ஒரு சொல் மாறியிருந்தது.

அந்தக் கடைசி வரியை யாரும் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பார்ப்பார்கள், அப்புறம் விரலே பார்த்துக்கொள்ளும். மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரின் டெர்மினலில் மௌஸ் என்ற பேச்சே கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, கீபோர்டின் மேல்வரிசையில் பன்னிரண்டு கீ, அவ்வளவுதான். எஃப்1 என்றால் உதவி. எஃப்3 என்றால் வெளியேறு. எஃப்7 ஒரு பக்கம் மேலே, எஃப்8 ஒரு பக்கம் கீழே, எஃப்12 ரத்து. எந்தக் கீக்கு என்ன வேலை என்று திரையின் அடியில் எப்போதும் எழுதியிருக்கும், பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதுபோல.

இன்று எஃப்1-க்கு நேரே ‘உதவி’ இல்லை. ‘திற’ என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். ‘திற’தான். ஜன்னலே இல்லாத அந்த அறையில் சூடேறிய தூசியும் தரை மெழுகும் கலந்த வாடை வழக்கம்போல இருந்தது. ஏசி இரைச்சலும், அதற்கு அடியில் சுவருக்கு அப்பால் பெரிய மிஷின் குழந்தைபோல் சிணுங்கும் சத்தமும் வழக்கம்போல இருந்தன. உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் காது அதையெல்லாம் மறந்துவிடும். இன்று மறக்கவில்லை.

எஃப்1-ஐ அமுக்கினாள். பதில் உடனே வந்தது.

‘அனுமதி இல்லை. இது டேப் ரூம் டெர்மினல்.’

அவள் உட்கார்ந்திருந்தது, டேப் ரூம் கதவைத் திறக்கவும் பூட்டவும் அனுமதி உள்ள ஒரே இடமான கன்சோல் மேஜையில். பழைய பதிவுகளின் நகல் டேப்களை அடுக்கி வைக்கும் டேப் ரூம் நடைபாதையின் கோடியில், நாற்பது அடி தள்ளி, இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அந்த அறையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அவளுடைய அக்கா அங்கேதான் செத்துப்போனாள்.

ஏழு மாதம் ஆகிறது. மூன்று நாள் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. டேப் ரூமுக்குள் போகிறவர் வாசலில் கார்டைத் தேய்க்க வேண்டும், வரும்போதும் தேய்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கன்சோலில் இருப்பவர் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்ப்பார். ‘உள்ளே’ என்று யார் பெயராவது நின்றால் போன் போட்டுக் கேட்பார், எல்லாரும் ‘வெளியே’ என்றான பிறகுதான் ‘பூட்டு’ கொடுப்பார். பூட்டினால் கதவுக்குத் தாழ் விழும், விளக்கு அணையும், காற்றடிக்கும் மோட்டார் நிற்கும். தீ புகக் கூடாது என்று கட்டிய அறை. காற்றும் புகாது.

மூன்று நாளும் வீட்டிலிருந்து போன் போட்டபோதெல்லாம் ஸ்கிரீனில் ‘உள்ளே’ யாரும் இல்லை என்றே காவலாளி சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தபோது அக்கா டெர்மினல் மேஜையின் அடியில் கிடந்தாள். ‘கார்டு தேய்க்காமல் உள்ளே சென்ற ஊழியரின் கவனக்குறைவு’ என்று விசாரணை எழுதி முடித்தது. பரிகாரமாக டேப் ரூமுக்குள் ஒரு இன்டர்காம் மாட்டினார்கள். அதையும் விளக்கோடு சேர்த்து ஒரே சுவிட்சில் மாட்டினார்கள். பூட்டினால் அதுவும் செத்துவிடும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது, மறுமாதம் அக்காவின் இடத்தில் வேலைக்கு வந்த சின்னவள். கேட்டுக்கொண்டவர் யாரும் இல்லை.

சூப்பர்வைசருக்கு அலுவலகத்தில் பன்னெண்டு என்று பெயர். எஃப்12 ரத்து. லீவு கேட்டால் ரத்து, ஷிஃப்ட் மாற்றம் கேட்டால் ரத்து. என்ன கோளாறு என்று சொன்னாலும் “எஃப்12 அமுக்கு, போயிடும்” என்பார்.

“சார், எஃப்1-ல வேற என்னமோ வருது.”

“ஆறு மாசமா வேலை பாக்குற, உனக்கு எதுக்கும்மா உதவி?”

“டேப் ரூம் டெர்மினல்னு சொல்லுது சார்.”

அவர் டீ கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் ஒரு நொடி பிடித்திருந்தார். பிறகு உறிஞ்சினார். “எஃப்12 அமுக்கு.”

“எனக்குப் புது ஐடி கேட்டேனே சார்.”

“வரும், வரும். உங்க அக்கா ஐடி சும்மாத்தானே கெடக்கு. அதுல என்ன கஷ்டம் உனக்கு?”

சும்மாக் கிடக்கிறதாம். வாசலில் கிடக்கும் செருப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். சேர்ந்த நாளிலிருந்து சின்னவள் அக்காவின் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டித்தான் உள்ளே நுழைகிறாள். பாஸ்வேர்டு, குட்டி. அக்கா அவளைக் கூப்பிடும் பெயர். தினமும் காலையில் அதைத் தட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் தட்டுவாள்.

இந்த வேலையில் இன்னொரு சங்கதி உண்டு. கீக்கு என்ன அர்த்தம் என்பது கீபோர்டில் இல்லை, லாகினில் இருக்கிறது. எந்தக் கீக்கும் எந்தக் கட்டளையையும் அவரவர் மாற்றி வைத்துக்கொள்ளலாம். எந்த டெர்மினலில் உட்கார்ந்தாலும் அந்த ஏற்பாடு கூடவே வரும். ஆகவே, ‘திற’ என்று வைத்தது யாராக இருந்தாலும், அக்காவாக நுழைந்துதான் வைத்திருக்க வேண்டும்.

ஏற்பாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். கடைசியாக மாற்றியது: டேப் ரூம் டெர்மினல், ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.10.

எந்த ஞாயிறு என்று தேதியைப் பார்த்தாள். அந்த ஞாயிறு.

*

செவ்வாய்க்கிழமை எஃப்2-வும் எஃப்4-ம் ‘திற’ ஆகியிருந்தன.

அன்று மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, ஏசி இரைச்சலுக்கு நடுவே அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக். கடினமான எதன் மேலோ நகத்தால் தட்டுகிற சத்தம். நடைபாதையின் கோடியிலிருந்து வந்தது.

அக்காவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எந்தக் கீயை அமுக்குவதற்கு முன்னாலும் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். வீட்டில் ரிமோட்டைக்கூட அப்படித்தான். ஏன் என்று கேட்டால், “கதவத் தட்டாம உள்ள போவமாடி? கேட்டுட்டுத்தான் அமுக்கணும்” என்பாள். சின்னவள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள்.

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பயம் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள். வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா டிவி மேஜையின் அடியிலிருந்து அந்த விசாரணைக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடித்து மடித்து நான்கு துண்டாகும் நிலையில் இருந்தது.

“இத எப்ப மாத்துவாங்க?”

“அம்மா, சாப்ட்டியா நீ?”

“கேஸ் சிலிண்டர மூடிட்டேனான்னு பாதி வழியில திரும்பி வர்றவ அவ. அவளப் போயி கவனக்குறைவுங்கறான். அவன் கையெழுத்தப் பாரு, என்னமா வளைச்சுப் போட்டிருக்கான்.”

கையெழுத்து பன்னெண்டினுடையது. சின்னவள் காகிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். “மாத்த வைக்கிறேன்மா” என்றாள். ஏழு மாதமாக இதையேதான் சொல்கிறாள். அம்மா கேட்பதையும் நிறுத்தவில்லை, இவள் சொல்வதையும் நிறுத்தவில்லை.

*

புதன்கிழமை பதினொரு கீ ‘திற’. எஃப்7 மட்டும் இன்னும் ‘மேலே’ என்றே இருந்தது. மற்ற எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போது அதை மட்டும் யாரோ இவளுக்காக விட்டுவைத்ததுபோல.

அமுக்கினாள். அனுப்பிய செய்திகளின் பக்கம் வந்தது. அவள் இந்த லாகினிலிருந்து யாருக்கும் ஒரு செய்திகூட அனுப்பியதில்லை. மறுபடி மேலே. மறுபடி. பக்கங்கள் காலியாகவே போயின. பதினோராவது முறையில் பச்சை எழுத்து நிரம்பி வந்தது. எல்லாம் டேப் ரூம் டெர்மினலிலிருந்து கன்சோலுக்குப் போனவை. பூட்டிய பிறகும் அந்த டெர்மினல் மட்டும் செத்திருக்கவில்லை. அதற்குத் தனி பேட்டரி லைன் உண்டு. மிஷின் வேலை நின்றுவிடக் கூடாதே.

அவற்றுக்கு முன்னால் அந்த வெள்ளிக்கிழமைப் பட்டியலின் பதிவு இருந்தது. அக்கா 5.41-க்குக் கார்டு தேய்த்து உள்ளே போயிருக்கிறாள். 5.58-க்கு சூப்பர்வைசர் லாகினிலிருந்து எஃப்9. அந்த ஒரு கீயில் அவர் மூன்று கட்டளையைக் கோர்த்து வைத்திருந்தார்: அனைவரும் வெளியே, பூட்டு, முடி. யாருக்கும் போன் போட வேண்டாம், பட்டியலைத் தள்ளிப் பார்க்க வேண்டாம். ஒரே தட்டில் ஆறு மணி வேலை முடிந்தது.

அதற்குக் கீழே அக்கா.

‘6.02 சார் நான் உள்ள இருக்கேன். கதவு பூட்டிடுச்சு.’

அந்த வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு. ‘கன்சோலில் படிக்கப்பட்டது 6.04. எஃப்12.’

சின்னவள் அந்த ஓரக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தாள். காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம் ஏசியை மூழ்கடித்தது.

அதன்பின் வந்தவற்றை யாரும் படித்திருக்கவில்லை. மோட்டார் நின்னுடுச்சு. யாராவது இருக்கீங்களா. செக்யூரிட்டி. செக்யூரிட்டி. அம்மாவுக்கு மாத்திரை நேரம் ஆச்சு. சனிக்கிழமை முழுக்க ஒரே வரி, நான் உள்ள இருக்கேன். ஞாயிற்றுக்கிழமை மதியம்: ‘கண்ணு மங்குது, கீ தெரியல. எல்லா கீயிலயும் திற போட்டுட்டேன். கை எது மேல விழுந்தாலும் திற.’

கடைசி வரி முடிந்திருக்கவில்லை. ‘குட்டி கிட்ட’ என்பதோடு நின்றிருந்தது.

*

வியாழக்கிழமை அவள் அவர் மேஜை முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“ஆறு நாலுக்கு நீங்க படிச்சீங்க.”

“என்னது?”

“உள்ள இருக்கேன்னு எங்க அக்கா அனுப்புனா. நீங்க எஃப்12 அமுக்கிட்டுக் கிளம்புனீங்க.”

அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வீட்டுக்குக் கிளம்பற நேரம்மா. நூறு மெசேஜ் வரும். டெஸ்ட்டுன்னு நெனச்சேன். இப்ப அதக் கிளறி என்ன ஆகப்போகுது? அவ திரும்பி வரப்போறாளா?”

“அந்தக் காகிதத்துல இருக்கறது மாறணும். எங்க அம்மா உயிரோட இருக்கும்போதே மாறணும்.”

“எங்க இருக்கு, நீ சொல்ற மெசேஜு?”

“என் லாகின்ல இருக்கு. அந்த மாச டேப்லயும் நகல் இருக்கும். திங்கட்கிழமை மேல எழுதிப் போடப்போறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை எஃப்7-ம் போய்விட்டிருந்தது. கட்டளையைக் கையால் தட்டி அந்தப் பக்கத்துக்குப் போனாள். ‘பதிவு எதுவும் இல்லை.’ அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்திருந்தார்.

மிச்சம் இருந்தது டேப் ஒன்றுதான். திரையின் அடியில் பன்னிரண்டு கீயும் ‘திற’.

*

மாலை ஐந்தரைக்கு எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

“நீ கன்சோல்ல உக்காரு. ஒரு பழைய டேப் எடுத்து அழிக்கணும். பத்து நிமிஷம்.”

எந்த டேப் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகிற போக்கில், “உனக்கு நல்லதுக்குத்தான் பண்றேன். அந்தச் சனியன் இங்க கெடந்தா நீ தூங்க மாட்ட” என்றார்.

நடைபாதையில் அவர் செருப்புச் சத்தம் நாற்பது அடியும் தேய்ந்துகொண்டே போயிற்று. கார்டு தேய்த்த சத்தம். கதவின் கனத்த மூச்சு. திரையில் பட்டியல் மாறியது. அவர் பெயர். உள்ளே, 5.44. வேறு யாரும் இல்லை.

இரும்பு அலமாரி இழுபடும் சத்தம் தூரத்தில் கேட்டது.

டிக், டிக்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. திரும்பவும் திரையைப் பார்த்தபோது எஃப்1 ‘திற’ இல்லை.

‘பூட்டு.’

டிக், டிக். எஃப்2, பூட்டு.

டிக், டிக். எஃப்3.

நிதானமாக. அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு சொல். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே வருவதுபோல. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எஃப்12 வரைக்கும் போயிற்று. நின்றது.

இன்டர்காம் கரகரத்தது. அவள் நாற்காலியோடு துள்ளினாள்.

“பட்டியல் ஸ்கிரீன்லயா இருக்க? அதுல இருந்தா இங்க டேப் ஓட்டற மிஷினு டேப்ப எடுக்காது. வெளிய வா. எஃப்3 அமுக்கு.”

“சார்.” திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கீழ் வரியில என்னமோ மாறியிருக்கு சார்.”

“எஃப்3-ன்னா வெளியேறு. முப்பது வருஷமா அதேதான். அமுக்கு.”

“இல்ல சார், இதுல...”

“உங்க குடும்பத்துக்கே இது ஒரு வியாதியா? ஒண்ணு சொன்னா ஒம்பது கேள்வி. அவளும் இப்படித்தான், அமுக்கறதுக்கு முன்னாடி டிக்கு டிக்குன்னு தட்டிக்கிட்டு உயிர எடுப்பா.”

சிரித்தார். இன்டர்காமில் அந்தச் சிரிப்பு தகரத்தில் கல் உருட்டியதுபோல் வந்தது.

ஒரே ஒரு சொல் அவள் சொல்லியிருக்கலாம். பூட்டு என்று போட்டிருக்கிறது சார், வெளியே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆறு நாலு. எஃப்12. அம்மா மடித்து மடித்துக் கிழிந்த காகிதம். சொல் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருந்தால் பூட்டு ஏற்காது, அதுதான் விதி என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த விதியை நம்பி உள்ளே போனவள் கதி என்ன என்றும் அவளுக்குத் தெரியும்.

“எந்தக் கீயையாவது அமுக்கித் தொலைடீ!”

அமுக்கினாள்.

நடைபாதையின் கோடியில் தாழ் விழுந்தது. இன்டர்காம் செத்தது. மோட்டார் நின்றது. இத்தனை நாள் அந்த மோட்டாரின் சத்தம் ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. அது நின்ற இடத்தில் ஒரு பெரிய குழி விழுந்தது.

பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘வெளியே, 5.52’.

கதவு திறக்கவில்லை. யாரும் வெளியே வரவில்லை. வெளியே, 5.52.

அதற்கு மேலே, காலியாக இருந்த வரியில் இன்னொரு பெயர் வந்தது. அக்காவின் பெயர். உள்ளே, 5.41. ஏழு மாதத்துக்கு முந்தின தேதி.

அவள் கையால் ‘திற’ என்று தட்டினாள். எழுத்து விழவில்லை. திரையின் மூலையில் சின்ன X. கீபோர்டு பூட்டிக்கொண்டுவிட்டது. ரீசெட் கீயை அமுக்கினாள். மறுபடி. மறுபடி. X அப்படியே நின்றது.

போனை எடுத்தாள்.

“செக்யூரிட்டியா? சார் டேப் ரூம்ல மாட்டிக்கிட்டாரு. சீக்கிரம் மேனேஜருக்கு...”

“யாரு, பன்னெண்டு சாரா?” அந்தப் பக்கம் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார் காவலாளி. “அவரு கெளம்பிட்டாரும்மா.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? ஸ்கிரீன்ல வெளியேன்னு காட்டுதே. அஞ்சு அம்பத்திரண்டு. நீங்களும் கெளம்புங்கம்மா, லைட்ட அணைக்கணும்.”

ஓடினாள். நாற்பது அடி. இரும்புக் கதவில் உள்ளங்கையால் அறைந்தாள். உள்ளேயிருந்து அவர் அறைந்தார். சத்தம் கதவைத் தாண்டி வரும்போது பஞ்சில் சுற்றியதுபோல் வந்தது. ஏதோ கத்தினார். ஒரு சொல்தான் புரிந்தது. “யாரு?” என்றார். அவளைப் பார்த்துக் கேட்டதாகத் தோன்றவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறையின் உள்பக்கம் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது.

“யாரு அது?”

அப்புறம் அறைவது நின்றது.

அவள் காதைக் கதவில் வைத்தாள். ஜில்லென்ற இரும்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சுகூட இல்லை.

டிக், டிக்.

பின்வாங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே கன்சோலுக்கு வந்தாள். திரையில் X போயிருந்தது. பட்டியலில் உள்ளே ஒரே ஒரு பெயர். அடிவரியில் எஃப்1-லிருந்து எஃப்12 வரை ஒரே சொல்.

திற திற திற திற.

நடுவில் டேப் ரூம் டெர்மினலிலிருந்து ஒரு செய்தி. பாதியில் நின்றிருந்த அந்தப் பழைய வரிதான். இப்போது முடிந்திருந்தது.

‘குட்டி கிட்ட சொல்லணும். அவரு முடிஞ்சுட்டாரு. நான் வீட்டுக்கு வரணும். அம்மா காத்துக்கிட்டிருப்பா. திற.’

கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள். ஏழு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்த அது இல்லை. அந்த இடத்தில் ஜில்லென்று எதுவோ இருந்தது.

டிக், டிக்.

டிக், டிக்.

அந்தச் சத்தம் கதவிலிருந்து வரவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குனிந்து பார்த்தாள். மடியில் கிடக்க வேண்டிய அவள் வலது கை கீபோர்டின் மேல்வரிசையில் இருந்தது. ஆள்காட்டி விரல் வளைந்து, நகத்தால் எஃப்3-ஐ இரண்டு தட்டு தட்டியது. கொஞ்சம் பொறுத்தது. பதிலுக்குக் காத்திருந்தது.

பிறகு மெதுவாக இறங்கியது.